பழைய பத்மினிக்கு ஆட்டோமேடிக் கியரா?

எங்கள் கோந்த்வாவில் பழைய பிரீமியர் பத்மினியைப் புதுப்பித்து வரும் நண்பர், "மூட்டுவலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் பொருத்தலாமா சார்?" என்று கேட்டார். நம்மவர் வீடுகள் சிலவற்றில் 'அப்பாவின் கார்' இன்னும் நிற்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி.; சுமார் 40 குதிரைத்திறன்தான். டார்க் கன்வெர்ட்டர் எண்ணெயைச் சுழற்றிச் சக்தியைக் கடத்துவது. வழுக்கலில் போகும் சக்தி வெப்பமாகிவிடும். ரயில்வேயில் சூரி டிரான்ஸ்மிஷன் பூட்டிய ஷண்டிங் எஞ்சின்களிலும் கன்வெர்ட்டர் உண்டு. அங்கே 600, 700 குதிரைத்திறன், தாங்கியது! நம் வண்டி காத்ரஜ் மலைப்பாதையில் மூச்சு வாங்கும்.

மேலும், காயலான் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் முன்சக்கர இயக்கக் கார்களின் பெட்டிகள். எஞ்சினோடு குறுக்காகப் படுத்திருப்பவை. பத்மினியில் சக்தி பின்சக்கரத்துக்குப் போகிறது. நெடுக்காக அமையும் பெட்டி தேடி, தரையை வெட்டி, ஆயில் கூலரும் வைக்க வேண்டும்.

கியர் கம்பி ஸ்டியரிங் அருகிலேயே இருக்கலாம்; பழைய அமெரிக்க ஆட்டோமேடிக் கார்களிலும் அங்கேதான். ஆனால் உள்ளே இணைப்புகள் அனைத்தும் புதிதாகச் செய்ய வேண்டும். பார்க், நியூட்ரல் தவிர வேறு நிலையில் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்ச் அவசியம். இதில் சிக்கனம் கூடவே கூடாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. வெட்டுமுன் ஆர்.டி.ஓ.வில் விசாரியுங்கள்.

நண்பரிடம், அன்றாடத்துக்குச் சிறிய ஆட்டோமேடிக் கார் ஒன்று வாங்கச் சொன்னேன். பத்மினியை ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் ஓட்டட்டும்.