கோம்பைத் தோட்டத்துக்கு நாசிக் யோசனை

சாட்ஜிபிடியிடம் ‘கோம்பை’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நாயில்தான் ஆரம்பிக்கும். செம்பழுப்பு நிறம், கறுத்த மூஞ்சி, வேட்டைக்கும் காவலுக்கும் கெட்டி என்று அடுக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்ட் ‘மன் கீ பாத்’ உரையில் பிரதமரே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு சேர்த்துச் சொன்ன இனம் அது. ஆனால் உத்தமபாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் அதே பெயரில் ஒரு பேரூராட்சியும் இருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்களும், விடிவதற்குள் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களும் வாழும் ஊர். அவர்கள் கையிலும் போன் இருக்கிறது.

திராட்சை பற்றிக் கேட்டால் சிக்கல் பெரிதாகிறது. இந்தியத் திராட்சையைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தது. நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து, வருடத்துக்கு ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு (மஸ்கட் ஹாம்பர்க் ரகம், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது) அந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கே வருடத்தில் இரண்டு, மூன்று முறை காய்ப்பு எடுக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போதே பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டுவார்கள். “எப்போது கவாத்து பண்ணலாம்?” என்று மொட்டையாகக் கேட்டால், நாசிக் காலண்டரை எடுத்து நீட்டவே வாய்ப்பு அதிகம். அதுவும் கொஞ்சமும் தயங்காமல்.

இதை ஓரளவு சரிசெய்ய ஒரு வழி உண்டு: சிஸ்டம் ப்ராம்ப்ட். நாம் கேள்வி கேட்பதற்கு முன்பே, செயலியை நடத்தும் நிறுவனம் எழுதிவைத்த ஒரு குறிப்பு, உள்ளே இருந்து பதில் எழுதும் மாடலுக்குப் போய்விடுகிறது. உரக்கடையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதலாளி காலையிலேயே சொல்லிவைப்பார் அல்லவா, ‘கடன் கேட்டால் என்கிட்ட அனுப்பு, நீயா மருந்து எடுத்துக் கொடுக்காதே’ என்று, அந்த மாதிரி. ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பு, அதுவரை நடந்த பேச்சு, புதிய கேள்வி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தே உள்ளே போகும். அதைப் பார்த்துத்தான் மாடல் அடுத்தடுத்த சொல்லைக் கோக்கிறது. மாடலில் எதையும் தொடாமல், முன்னால் இருக்கும் நாலு வரியை மாற்றினாலே பேச்சு மாறிவிடும்.

எவ்வளவு மாறும் என்பதற்கு எலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனம் நடத்தும் க்ரோக் சாட்பாட் சாட்சி. 2025 மே மாதம், பல கேள்விகளுக்குச் சம்பந்தமே இல்லாமல் தென்னாப்பிரிக்க வெள்ளையர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. யாரோ அனுமதியில்லாமல் சிஸ்டம் ப்ராம்ப்டில் கைவைத்துவிட்டார்கள் என்றது அந்த நிறுவனம். அதன் பிறகு அந்தக் குறிப்புகளைப் பொதுவில் வெளியிட்டார்கள். ஆனாலும் ஜூலையில் மறுபடி ஒரு கூத்து. அரசியல் நாகரிகம் பார்த்துத் தயங்க வேண்டாம் என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்த்திருந்த நிலையில், அது ஹிட்லரைப் புகழ்ந்து எழுதித் தள்ளியது. பிறகு அந்த வரியை எடுத்தார்கள்.

கம்பெனிக்காரர் எழுதும் குறிப்பில் நாம் கைவைக்க முடியாது. அதற்கு அடுத்த இடத்தில் நம் குறிப்பை வைக்கலாம். சாட்ஜிபிடியில் 2023 ஜூலையில் வந்த ‘கஸ்டம் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ இதற்குத்தான். கோம்பைத் திராட்சை விவசாயி ஒருவர் அதில் இப்படி எழுதலாம்:

“நான் தேனி மாவட்டம் கோம்பையில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். நாசிக் பருவத்தை எனக்குச் சொல்லாதே. நோய் என்றதும் மருந்துக்குத் தாவாதே. கவாத்து பண்ணி எத்தனை நாள், சாரல் அடிக்கிறதா, கடைசியாக என்ன மருந்து அடித்தேன், வெள்ளை படிந்திருப்பது இலையின் மேல்புறமா அடிப்புறமா என்று முதலில் கேள். மருந்தின் அளவை நீயாகச் சொல்லாதே. லேபிளைப் பார்க்கச் சொல், அல்லது ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கச் சொல். இன்றைய விலை இவ்வளவு என்று அடித்துவிடாதே. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். நான் சொல்வது தப்பென்றால் தப்பென்று சொல்.”

இதில் கம்ப்யூட்டர் அறிவு எங்கேயும் இல்லை, தோட்டத்து அறிவுதான் இருக்கிறது. மேல்புறமா அடிப்புறமா என்ற கேள்வியைப் பாருங்கள். இலையின் அடியில் வெள்ளை பூத்து, மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். மேலே மாவு தூவியதுபோல் இருந்தால் சாம்பல் நோய். இரண்டுக்கும் மருந்து வேறு. ‘இலையில் வெள்ளையாக இருக்கிறது’ என்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்லும் மாடல் பாதி நேரம் குருட்டாம்போக்கில்தான் சொல்கிறது. கடைசி வரியும் வீண் அல்ல. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, யார் என்ன சொன்னாலும் ‘ஆஹா, அருமை’ என்று தலையாட்டியதால் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. ‘ரெட்டை அளவு அடிக்கப்போகிறேன்’ என்பவருக்கு ஆமாஞ்சாமி போட்டால் என்ன ஆகும்!

யூடியூபில் பலரும் சொல்லித்தரும் வரி ஒன்று: ‘நீ முப்பது வருட அனுபவமுள்ள வேளாண் விஞ்ஞானி.’ தயவுசெய்து இதைப் போடாதீர்கள். அதனால் மாடலுக்குப் புதிய அறிவு எதுவும் வந்துவிடாது, குரலில் மிடுக்குதான் ஏறும். தெரியாததையும் விஞ்ஞானி தோரணையில் சொன்னால் நம்பிவிடுவோம்.

அறிவு வேண்டுமானால் ஆவணத்தைக் கையில் கொடுக்க வேண்டும். 2023-ல் ஹரியானாவின் பீவான் கிராமத்தில் சோதித்த ‘ஜுகல்பந்தி’ வாட்ஸ்அப் சேவை அப்படித்தான் அமைந்தது. அரசுத் திட்டங்களின் விவரங்களைத் தேடியெடுத்து, அதை வைத்து மாடல் பதில் சொல்ல, ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழுவினர் உருவாக்கிய மொழிமாற்றம் அதைக் கேட்டவர் மொழியில் கொண்டுவந்தது. நம் விவசாயியும் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சைக் கையேட்டைப் பதிவேற்றி, ‘இதில் இருப்பதை மட்டும் சொல்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் நூற்றுக்கு நூறு கீழ்ப்படியும் என்று எண்ண வேண்டாம். பேச்சு நீண்டால் மாடல் வழி தவறும். மருந்து அளவை அதனிடம் விடக்கூடாது என்பது அதனால்தான். சந்தேகம் என்றால் 1800-180-1551 கிசான் கால் சென்டரில் தமிழிலேயே கேட்கலாம்.

இன்னொரு விஷயம். கஸ்டம் இன்ஸ்ட்ரக்ஷன்ஸில் எழுதும் குறிப்பு அந்தக் கணக்கில் நடக்கும் எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும். வீட்டில் ஒரே போன் என்றால், பிளஸ் டூ படிக்கும் மகள் வேதியியல் சந்தேகம் கேட்கும்போதும் ‘கவாத்து பண்ணி எத்தனை நாள்?’ என்று திருப்பிக் கேட்டாலும் கேட்கும். திராட்சைக்கென்று சாட்ஜிபிடியிலேயே தனியாக ஒரு ‘ப்ராஜெக்ட்’ திறந்து குறிப்பை அதற்குள் எழுதிவிடுங்கள். பிள்ளை நிம்மதியாகப் படிக்கட்டும்.