நள்ளிரவில் விழித்திருக்கும் குழந்தை

பெங்களூரு மர்பி டவுன் மாதிரி நெருக்கமான குடியிருப்பில் ஒரு குழந்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து கத்தினால், பக்கத்து வீட்டுத் தூக்கமும் போகும். ‘வளர்ப்பு சரியில்லை’ என்பார்கள். ஸ்மித்-மெகனிஸ் என்ற மரபணுக் குறைபாடுள்ள குழந்தை என்றால், அப்படிச் சொல்வது பெரும் அநியாயம்.

15,000 முதல் 25,000 பேரில் ஒருவருக்கு வருவது இந்தக் குறைபாடு. பெரும்பாலும் 17ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இருக்காது; அதோடு ஆர்ஏஐ1 மரபணுவின் ஒரு பிரதியும் போய்விடும். உடல் கடிகாரத்தை நடத்துவதில் அந்த மரபணுவுக்குப் பங்குண்டு. இருட்டியபின் சுரக்கவேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன், இவர்களில் பெரும்பாலோருக்குப் பகலில் சுரக்கிறது. பகலெல்லாம் தூங்கி வழிகிறார்கள். எரிச்சல் முற்றினால் தலையை மோதுவார்கள், கையைக் கடிப்பார்கள், நகத்தைப் பிடுங்குவார்கள். வலி உணர்வு குறைவு என்பதால் காயம் ஆழமாகும். இதே குழந்தைகள்தான் மகிழ்ச்சி பொங்கும்போது தம்மைத் தாமே இறுகக் கட்டிக்கொள்கிறார்கள்.

இந்த எரிச்சலுக்குத் தூக்கம் கெடுவது மட்டுமே காரணமல்ல. பேச்சு தாமதமாவதால், நினைத்ததைச் சொல்லமுடியாத தவிப்பும் ஆத்திரமாக வெடிக்கிறது. சைகையும் படங்களும் சீக்கிரமே கற்றுக்கொடுத்தால் அது தணியும். தூக்கத்தைச் சரிசெய்ய மாலையில் மெலடோனின், சிலருக்குக் காலையில் பீட்டா தடுப்பு மருந்து என மருத்துவர்கள் தருவதுண்டு.

வழக்கமான குரோமோசோம் சோதனையில் இவ்வளவு சிறிய இழப்பு தப்பிவிடலாம். சிறு இழப்பையும் காட்டும் மைக்ரோஅரே சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது.