மூன்று முடிச்சும் மூன்று மனுவும்

புதுச்சேரி மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையோரக் கடையில்தான் எனக்குக் காலை டீ. வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன் என்பது தெருவுக்கே தெரியும். போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அவன் அக்கா நாலு வயசுப் பெண்ணோடு அம்மா வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது.

"மாமா, டைவர்ஸ் கேஸ் போட்டுட்டா குழந்தை நம்மகிட்டயே இருக்கும்ல? மாசாமாசம் பணமும் கட்டிடுவாருல்ல?"

ஒரே மூச்சில் மூன்று வழக்கைச் சொல்லிவிட்டான். தாலிக்கு மூன்று முடிச்சு போட்டது ஒரு நிமிஷத்தில். அவிழ்க்கும்போது மூன்றையும் தனித்தனியாகத்தான் அவிழ்க்க வேண்டும்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. மாப்பிள்ளை வீடு ரெனோன்சானா?"

"அவரு தாத்தா சொல்தா, மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவரு."

இந்தக் கேள்வியைக் கடலூரிலோ விழுப்புரத்திலோ யாரும் கேட்கமாட்டார்கள். புதுச்சேரியில் கேட்டாக வேண்டும். 1881 செப்டம்பர் 21-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, மத வழக்கப்படியான சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியர்கள் அப்படியே எழுதிக்கொடுக்கலாம் என்றது அது. துறந்தவர்தான் ரெனோன்சான். பிரெஞ்சு பாணியில் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். முன்னின்று துறந்த வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். வாசல் என்று பொருள்.

பிரெஞ்சுக்காரர் போய்விட்டார்கள், அந்த வாசல் மூடவில்லை. 1963-இல் இந்தியச் சட்டங்கள் பலவற்றைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோது, இந்துத் திருமணச் சட்டம் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள். கோவிலில் தாலி கட்டியிருந்தாலும் சரி, ரெனோன்சான் வழிவந்தவர் அந்தச் சட்டத்தின் கீழ் விவாகரத்து கேட்க முடியாது. அதற்காகச் சொல்தா பேரன் எல்லாரும் ரெனோன்சான் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வேறு, துறப்பு வேறு. குடும்பப் பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் இங்கே வாங்கும் தீர்ப்பைப் பிரான்சில் நாந்த் நகரப் பதிவேட்டிலும் ஏற்றவேண்டியிருக்கும். "பத்திரத்தைத் தேடு" என்றேன். துறப்பு இல்லையென்றால் வழக்கமான இந்துத் திருமணச் சட்டம்தான்.

"சரி மாமா, டைவர்ஸ்?"

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் மியூச்சுவல். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் மனுவே போடலாம். உன் அக்காவுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது. மனு போட்டபின் ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்து "ஆமாம், வேண்டும்" என்று சொல்லவேண்டும். தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒருவர் மறுத்தால் கொடுமை, இரண்டாண்டு கைவிட்டுப் போனது என்று காரணம் காட்டி நிரூபிக்க வேண்டும். வாய்தா மேல் வாய்தாதான். குடும்ப நீதிமன்றம் முதலில் சேர்த்துவைக்கப் பார்க்கும், கவுன்சிலிங் அனுப்பும். இன்னொன்று: அங்கே வக்கீல் வைப்பது உரிமை இல்லை, நீதிபதி அனுமதித்தால் உண்டு. வக்கீல் குமாஸ்தா வாயாலேயே இதைக் கேட்டுக்கொள்.

"குழந்தை?"

கார்டியன் வேறு, கஸ்டடி வேறு. அப்பாவுக்கு அடுத்துத்தான் அம்மா கார்டியன் என்று சட்டத்தில் இருக்கும் வார்த்தையை, அப்பா கவனிக்காத இடத்தில் அம்மாவே கார்டியன் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துப் படித்தது. கஸ்டடி என்பது குழந்தை யாரோடு தூங்கி எழுகிறது என்பது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும். அடுத்த பிறந்தநாளன்று அப்பாவிடம் கொண்டுபோய் விடவேண்டும் என்று அர்த்தமில்லை. எந்த வயதிலும் நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலன். அதனால் கஸ்டடி உத்தரவு கல்வெட்டு அல்ல, நிலைமை மாறினால் மாறும்.

அப்பா வந்து பார்ப்பதைத் தடுக்க நினைக்காதே. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, பிள்ளையைப் பார்க்க வரும் தகப்பனுக்குச் சிற்றுண்டியும் இரவுச் சாப்பாடும் கொடுத்து விருந்தாளிபோல நடத்தச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அதை ரத்துசெய்தார்கள். பிரிந்தவருக்கு டீ போட்டுக் கொடுக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தாது. அதற்காகக் குழந்தையைக் காட்டாமல் ஒளிப்பதை அது ஏற்கவும் செய்யாது.

"பணம்?"

இங்கேதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வழக்கே வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. எந்த மதத்தவரானாலும், வருமானம் போதாத மனைவி தனக்கும் குழந்தைக்கும் சேர்த்துத் தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களை உறுதிசெய்தது. இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லவேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். உத்தரவு வந்தும் கட்டாதவருக்கு வாரண்ட், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. பாக்கியை ஓராண்டுக்குள் கேட்டு வாங்கவேண்டும், விட்டால் அந்த வழி அடைபடும்.

இன்னொரு தவறான பேரம்: "பணம் குடுத்தா குழந்தையைக் காட்டுறேன்", "குழந்தையைக் காட்டினா பணம் தர்றேன்." இரண்டும் செல்லாது. அந்தப் பணம் குழந்தையுடையது. அக்கா "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்தாலும் பெண்ணின் பங்கை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமையில்லை.

தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப முதல்ல டைவர்ஸ் போடறதா, மாமா?"

"வரிசையைத் திருப்பு. முதல்ல ஜீவனாம்ச மனு. குழந்தைக்கு ஆபத்தோ, தூக்கிட்டுப் போயிடுவாங்கங்கிற பயமோ இருந்தா கஸ்டடி மனு. டைவர்ஸ் கடைசியில, அக்கா தீர்மானிச்ச பிறகு. நீ தீர்மானிச்ச பிறகு இல்ல."

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வக்கீல் தரும். 15100-க்குப் போன் பண்ணினால் வழி சொல்வார்கள். குறித்துக்கொண்டான்.

அக்கா வந்து எட்டு மாதம் ஆயிற்று என்றான் அல்லவா? ஜீவனாம்ச மனுவில் அந்த எட்டு மாதம் சேராது. இன்று போட்டால் இன்றிலிருந்துதான் கணக்கு.