பந்தய விதியும் பட்டறைத் தொழிலும்

உடன்குடியைச் சுற்றியுள்ள செந்நிறத் தேரி மணலை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இரார். காற்றடி காலத்தில் நேற்றிருந்த பாதை இன்று இராது. அந்த மணலில் வண்டி ஓட்டிப் பழகிய இளைஞர் சிலர், சென்ற வாரம் கடைத்தெருவில் ஒரு டீக்கடை முன் கூடி, அயல்நாட்டு ராலி பந்தயமொன்றைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த கருப்பட்டி வியாபாரி ஒருவர் எட்டிப் பார்த்தார். "இதுல நம்ம நாட்டு வண்டி ஒண்ணுகூட இல்ல, அண்ணாச்சி" என்றான் ஒருவன். "நம்ம வண்டிக்கு ஓடத் தெரியலையா, இல்ல ஓட விட மாட்டேங்காங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சிரித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். ஆனால் கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று.

ராலி என்பது வட்டச் சாலையில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயமன்று. காடு, மலை, மணல் என்று பாதையைப் பகுதி பகுதியாக வகுத்து, வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, ஒவ்வொன்றையும் கடிகாரத்தோடு போட்டியிட வைப்பது. ஓட்டுபவர் ஒருவர், வளைவுகளைக் குறிப்புப் பார்த்து உரக்கப் படிப்பவர் மற்றொருவர். உலகப் பட்டத்துக்கான ராலி 1973-ல் தொடங்கியது. அன்று முதல் அதன் தலைவிதியை நிர்ணயித்தது ஓட்டுபவரின் திறமை மட்டுமன்று. பந்தயத்துக்கு வரும் வண்டியைப் போல எத்தனை வண்டிகளைக் கம்பெனி செய்து முடித்திருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதிதான் பெரும்பாலும் அதை நிர்ணயித்தது. பார்ப்பதற்கு இது குமாஸ்தாவின் கணக்குப் போலத் தோன்றும். உண்மையில் கம்பெனிகளை உள்ளே அழைப்பதும் வெளியே துரத்துவதும் இந்த எண்ணே.

1982-ல் 'பி' பிரிவு என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். 200 வண்டிகள் செய்தால் போதும். மற்றபடி யந்திர நிபுணர்களின் கையைக் கட்டுவார் இல்லை. ஆடி, பெஜோ, லான்சியா, போர்டு ஆகிய கம்பெனிகள் பணத்தை வாரி இறைத்தன. பிறந்தவை சாலை வண்டியின் முகமூடி அணிந்த ராட்சதர்கள். ஜனங்கள் அவற்றின்மீது பித்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். லட்சக்கணக்கில் கூடினார்கள், பாதையின் நடுவில் நின்று, வண்டி அருகே வந்ததும் விலகுவதை வீரமென்று எண்ணினார்கள். 1986 மார்ச் 5-ஆம் தேதி போர்த்துக்கல் நாட்டில் போர்டு வண்டியொன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூவர் மாண்டனர், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மே 2-ஆம் தேதி கார்சிகாவில் லான்சியா வண்டி பள்ளத்தில் உருண்டு எரிந்தது. பின்லாந்து வீரர் ஹென்றி டொய்வோனனும் அவருடன் சென்ற செர்ஜியோ கிரெஸ்டோவும் உயிரிழந்தனர். உடனே, அடுத்த ஆண்டு முதல் அந்தப் பிரிவே கிடையாது என்று அதிகாரிகள் அறிவித்தார்கள்.

அந்த முடிவை நாம் குறை கூறோம். ஆனால் அறிவித்த விதத்தைப் பாருங்கள்! நான்கு ஆண்டுகள் வேலியில்லாமல் விட்டுவிட்டு, இரத்தம் சிந்திய பின் ஒரே நாளில் கதவை அடைத்தார்கள். கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்த வண்டிகள் கொட்டகையில் நின்றன. பெஜோ கம்பெனி நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. பிறகு, தடுக்கப்பட்ட அதே வண்டியைப் பாலைவனத்துக்கேற்ப மாற்றி, பாரிஸிலிருந்து டக்கார் நகருக்குச் செல்லும் நெடுந்தூரப் பந்தயத்தில் இறக்கிற்று. 1987 முதல் 1990 வரை நான்கு முறை தொடர்ந்து பெஜோவே வென்றது. முதலுள்ளவனுக்கு ஒரு வாசல் அடைபட்டால் வேறு வாசல் திறக்கும்.

1987-ல் அதன் இடத்துக்கு வந்த 'ஏ' பிரிவின் விதி முற்றிலும் வேறு. ஓராண்டில் 5,000 வண்டிகள் செய்திருக்க வேண்டும் என்றது. பிற்பாடு அது 2,500 ஆகக் குறைந்தது. இவ்வளவு வண்டிகளை யார் வாங்குவது? சாதாரண மனிதன்தான் வாங்க வேண்டும். ஆகவே பந்தயத்தில் பயன்பட்ட நான்கு சக்கர இயக்கமும் டர்போவும் கடையில் விற்கும் வண்டிக்குள் வந்தன. லான்சியா 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள் கம்பெனிப் பட்டத்தை வென்றது. அந்த வகை வண்டி நாற்பதாயிரத்துக்கு மேல் விற்றது. ஜப்பானின் மிட்சுபிஷி, சுபாரு கம்பெனிகள் உலகப் புகழ் எய்தியதும் இந்த விதியின் நிழலில்தான். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பார்த்த வண்டியைத் திங்கட்கிழமை கடையில் விலை பேசலாம் என்ற நிலை, ரசிகனுக்கும் பட்டறைக்கும் ஓர் உறவை உண்டாக்கிற்று.

1997-ல் அந்த உறவு தளர்ந்தது. சாதாரண வண்டி 25,000 செய்தால் போதும், பந்தய வண்டியின் விசேஷ உறுப்புகள் விற்பனை வண்டியில் இருக்க வேண்டியதில்லை என்று விதி மாறிற்று. உடனடிப் பலன் நன்மையே என்பதை மறைக்கக் கூடாது. 1999-ல் ஏழு கம்பெனிகள் பட்டத்துக்குப் போட்டியிட்டன. ஆனால் செலவு ஆண்டுக்காண்டு ஏறிற்று. 2008 முடிவில் சுபாருவும் சுசுகியும் விலகின. 2019 முடிவில் சிட்ரோவென் விலகிற்று. 2022-ல் மின்சாரமும் பெட்ரோலும் கலந்த வண்டிகளைக் கட்டாயமாக்கியபோது மிஞ்சியவை மூன்றே பெயர்கள்: டொயோட்டா, ஹியூண்டாய், போர்டு. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025-ல், அந்த மின்சாரச் சாதனத்தையும் கழற்றி எறிந்தார்கள். அதற்காகக் கொட்டிய பணம் யாருக்கு லாபம் என்று கேட்பது பிழையா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியனுக்கு ஓட்டும் திறமை இல்லையென்று சொல்ல எவரும் துணியார். கென்யாவில் குடியேறிய இந்தியக் குடும்பத்தில் பிறந்த ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 ஆண்டுகளில் சபாரி ராலியை வென்றார். நம் காலத்தில் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய பசிபிக் பட்டத்தை வென்றார். அவ்வெற்றிகளில் ஓட்டியவர் இந்தியர். டயர் சென்னை எம்.ஆர்.எப். கம்பெனியினுடையது, வண்டி மட்டும் செக் நாட்டு ஸ்கோடா. கருப்பட்டி வியாபாரியின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைக்கிறது.

மீதி விடை டக்கார் பந்தயத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவில் இருக்கிறது. அங்கே ஆஸ்திரியாவின் கே.டி.எம். 2001 முதல் ஏகபோகமாக வென்றுகொண்டிருந்தது. பெரிய என்ஜின் ஆபத்தையும் செலவையும் பெருக்குகிறது என்று, 2011 முதல் எல்லோருக்கும் 450 கன சென்டிமீட்டரே உச்சவரம்பு என்றார்கள். கே.டி.எம். ஆட்சேபித்தது, ஆயினும் புதிய என்ஜின் செய்து 2019 வரை வென்றது. ஆனால் வாசல் சிறியவர்களுக்கும் திறந்துவிட்டது. 2015-ல் ஓசூரின் டி.வி.எஸ்., பிரெஞ்சுக் கம்பெனியான ஷெர்கோவுடன் சேர்ந்து உள்ளே நுழைந்தது. 2017-ல் ஹீரோ வந்தது. 2024-ல் ஹீரோ வண்டி ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பெற்றது. அதே ஆண்டில் ஷெர்கோ டி.வி.எஸ். வண்டியில் சென்ற கேரளத்து ஹரித் நோவா தம் பிரிவில் முதல்வரானார். டி.வி.எஸ். நிறுவனத்தை 1911-ல் மதுரையில் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார், நமக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதை இங்குள்ளோர் பெருமையுடன் நினைக்கலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆட்சேபித்த கே.டி.எம். கம்பெனியில் புனேயின் பஜாஜ் 2007-லேயே பங்கு வாங்கியிருந்தது. விதியை எதிர்த்த பக்கத்திலும் நம் நாட்டு முதல், அதனால் பயனடைந்த பக்கத்திலும் நம் நாட்டு முதல்!

நம் நாட்டிலே ராலி நடத்துவோர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானத்துப் பார்மேர் ஜில்லாவில், பந்தயத்துக்காக அடைத்த பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. பந்தய வண்டி மோதி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தனர். அவர்கள் ரசிகர்களல்லர், அந்த வழியே போனவர்கள். என்ஜினின் அளவைப் பற்றி ஆயிரம் விதி எழுதலாம். பாதை எந்த நாளில், எந்த மணிக்கு அடைபடும் என்பதை ஊர்தோறும் தமுக்கடித்துச் சொல்லாத பந்தயத்துக்கு அனுமதி கொடுப்பது எப்படி நியாயமாகும்?

2027-ஆம் ஆண்டுக்கென 2024 டிசம்பரில் அறிவித்த விதிகளில் இரண்டு, தமிழ்நாட்டுப் பட்டறைகள் படிக்கத்தக்கவை. ஒரு வண்டியின் விலை 3,45,000 யூரோவுக்கு மேற்படக் கூடாது. அது ஏறக்குறைய மூன்றரைக் கோடி ரூபாய். வண்டி செய்து களமிறக்கும் உரிமை பெரிய மோட்டார் கம்பெனிகளுக்கு மட்டுமன்றி, தனிப் பட்டறைகளுக்கும் உண்டு. கோயம்புத்தூரில் காரிவர்தன் 1980-களிலேயே மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைச் செய்து காட்டியவர். அவர் 1995-ல் காலமானார். அவர் பழக்கிய கைகளும், அவற்றைப் பார்த்துப் பழகிய கைகளும் அந்நகரில் இருக்கின்றன. நம் மோட்டார் முதலாளிகளும், இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்களா?

இவற்றையெல்லாம் அந்தக் கருப்பட்டி வியாபாரியிடம் மறுநாள் விவரமாகச் சொன்னோம். பொறுமையுடன் கேட்டார். "மூணரைக் கோடியை விடுங்க. செஞ்ச வண்டிய ஓட்டிப் பார்க்க இடம் வேணும்லா? நம்ம தேரிக்குக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.