நிலாவில் பதிந்த கால்தடம் யாருக்குச் சொந்தம்?

2011 ஜூலை 20 அன்று நாசா ஒரு வழிகாட்டு ஆவணத்தை வெளியிட்டது. நிலாவுக்குக் கலம் அனுப்ப நினைக்கிறவர்கள் அப்போலோ வீரர்கள் இறங்கிய இடங்களை எவ்வளவு நெருங்கலாம், அங்கே எதைத் தொடக்கூடாது என்று அது விவரித்தது. மறுநாள் விடியும் முன் அட்லாண்டிஸ் விண்ணோடம் ஃபுளோரிடாவில் தரையிறங்கியது. முப்பது ஆண்டு ஓடிய விண்ணோடத் திட்டத்தின் கடைசிப் பயணம் அது. அதன்பின் 2020 மே மாதம் வரை அமெரிக்க மண்ணிலிருந்து ஒருவர்கூடப் புவியின் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. அந்நாட்டு வீரர்கள் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் காசு கொடுத்து இடம் வாங்கித்தான் விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்தார்கள்.

தேதிகள் அடுத்தடுத்து வந்தது தற்செயல். ஆனால் இரண்டு சங்கதிகளுக்கும் ஆழமான தொடர்பு உண்டு. மனிதர்கள் நிலாவுக்குப் போவது நின்றதால்தான் அங்கே பதிந்த கால்தடங்கள் இவ்வளவு அரியவை ஆயின. யாரும் போகாததால்தான் அவை இவ்வளவு காலம் பத்திரமாகவும் கிடக்கின்றன.

1969 ஜூலை முதல் 1972 டிசம்பர் வரை ஆறு முறை, மொத்தம் 12 பேர் நிலாத் தரையில் நடந்தார்கள். அப்போலோ 20 வரை திட்டம் இருந்தது; கடைசி மூன்று பயணங்கள் 1970-லேயே ரத்தாகிவிட்டன. 1960-களின் நடுவில் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைப்பதற்கு முன்பே அந்தப் பங்கு சரியத் தொடங்கிவிட்டது. சோவியத்தை முந்தவே கொட்டப்பட்ட பணம் அது. முந்தியாயிற்று என்றதும் வியட்நாம் போரின் செலவுக்கு முன்னால் நிலாவுக்காகப் பேச ஆளில்லை. இன்று அந்தப் பங்கு அரை சதவீதத்துக்கும் கீழே. நிலாவில் நடந்த 12 பேருமே 1935-ம் ஆண்டுக்குள் பிறந்தவர்கள். பெரும்பாலானோர் இப்போது உயிரோடு இல்லை.

அவர்கள் விட்டுவந்தவை அங்கேயே இருக்கின்றன. அப்போலோ 11 இறங்கிய அமைதிக் கடல் பகுதியில் இறங்குகலத்தின் கீழ்ப்பாதி நிற்கிறது. எடையைக் குறைக்க வீசிய முதுகுப்பைகள், நிலநடுக்கமானி, உயிரிழந்த சோவியத், அமெரிக்க விண்வெளி வீரர்களின் நினைவுச் சின்னங்கள், இந்தியா உட்பட 73 நாட்டுத் தலைவர்களின் வாழ்த்துகளைப் பொறித்த சிறு சிலிக்கான் வில்லை எல்லாம் அங்கே உண்டு. எல்லாவற்றையும் சுற்றிக் கால்தடங்கள். ஆர்ம்ஸ்ட்ராங் கலத்தைவிட்டு அதிகபட்சமாகப் போனதே சுமார் 60 மீட்டர் தூரம்தான். அந்தச் சிறு வட்டத்துக்குள் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நிலாவில் காற்றும் மழையும் இல்லை. நுண்கற்கள் மோதி மோதி மேற்பரப்பு தேய்வதற்குக் கணக்கு, பத்து லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 2009-ல் ஏவப்பட்ட எல்ஆர்ஓ என்ற அமெரிக்க ஆய்வுக்கலம் எடுத்த படங்களில் வீரர்கள் நடந்த பாதைகள் கருங்கோடுகளாகத் தெரிகின்றன. சும்மா விட்டால் மனித இனத்தைவிட அதிக காலம் நிலைக்கக்கூடியவை இவை. ஆபத்து நம்மிடமிருந்துதான் வரவேண்டும்.

வரும் என்பதற்கு அப்போலோவிலேயே சாட்சி இருக்கிறது. சர்வேயர் 3 என்ற ஆளில்லா கலம் 1967 ஏப்ரலில் நிலாவில் இறங்கியது. 1969 நவம்பரில் அப்போலோ 12 அதிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் தள்ளி இறங்கியது. வீரர்கள் நடந்துபோய் அதன் கேமராவையும் சில பாகங்களையும் கழற்றி எடுத்துவந்தார்கள். ஆய்வகத்தில் பார்த்தபோது, அப்போலோ கலம் இருந்த திசையை நோக்கிய பரப்புகளைப் பறந்துவந்த மண் அரித்திருந்தது தெரிந்தது. இறங்கும்போது எஞ்சின் பீச்சிய வாயு கிளப்பிய தூசிதான் காரணம். பூமியில் என்றால் காற்று அந்தத் தூசியைத் தடுத்து நிறுத்தும். அங்கே தடுக்க எதுவும் இல்லை, ஈர்ப்பும் ஆறில் ஒரு பங்குதான். தோட்டாபோலப் பாயும் துகள் வெகுதூரம் போய்த்தான் விழுகிறது. இனி மனிதர்களை இறக்கத் தயாராகும் ஸ்டார்ஷிப் போன்ற கலங்களோ அன்றைய இறங்குகலத்தைவிடப் பல மடங்கு பெரியவை.

அதனால்தான் பழைய தளங்களிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்க வேண்டும் என்றது நாசா. அப்போலோ 11 தளத்தில் 75 மீட்டர் ஆரத்துக்குள்ளும், கடைசிப் பயணமான அப்போலோ 17 தளத்தில் 225 மீட்டருக்குள்ளும் ஊர்திகள்கூட நுழையக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டது. அந்த நேரத்தில் அதற்கு ஓர் அவசரமும் இருந்தது. நிலாவில் ஊர்தி ஓட்டும் தனியார் குழுவுக்கு 2007-ல் கூகுள் ஒரு பரிசுப் போட்டியை அறிவித்திருந்தது. பழைய தளங்களைப் படம்பிடித்தால் கூடுதல் பணம். 2018-ல் யாரும் வெல்லாமலே அந்தப் போட்டி முடிந்தது. ஆனால் தனியார் கலங்கள் வந்துவிட்டன. 2024 பிப்ரவரியில் ஒடிசியஸ் சாய்ந்த நிலையில் இறங்கியது; 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் நேராக நின்றது. வேறு சில நொறுங்கின. ஒரு கலம் குறி தவறுவது இங்கே அபூர்வம் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த 2 கிலோமீட்டரை யோசிக்க வேண்டும்.

நாசா சொன்னது பரிந்துரை மட்டுமே. சட்டம் என்ன சொல்கிறது? 1967-ம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கைப்படி நிலாவின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது. அதே உடன்படிக்கை, அனுப்பிய பொருளின் உரிமை அனுப்பியவரிடமே இருக்கும் என்கிறது. எனவே கொடிக்கம்பம் அமெரிக்காவுடையது, சோவியத் அனுப்பிய லூனோகோட் 1 ஊர்தி ரஷ்யாவுடையது. கால்தடம்? அது வெறும் மண்ணில் விழுந்த பள்ளம். மண் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் தடத்தைக் காக்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. விலைமதிக்க முடியாத பொருளைச் சட்டம் கண்ணிலேயே காணாமல் விட்டிருக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்க 2020 டிசம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது நாசாவோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களைத்தான் கட்டும். அதே ஆண்டு அமெரிக்காவின் முயற்சியில் தொடங்கிய ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகள் விண்வெளி மரபுச் சின்னங்களைக் காப்பதாக உறுதி சொல்கின்றன. மீறினால் தண்டனை இல்லை. சீனாவும் ரஷ்யாவும் அவற்றில் சேரவில்லை. நிலாவுக்கு அடுத்து மனிதரை அனுப்ப மும்முரமாக இருக்கும் இரண்டு நாடுகளில் சீனா ஒன்று. அதைச் சேர்க்காத காப்பு பாதிக் காப்புதான். சீனாவின் சாங்'இ 4, 2019 ஜனவரியில் நிலாவின் மறுபக்கத்தில் முதன்முதலாக இறங்கிய கலம். அந்த இடமும் காக்கத் தகுந்தது என்று மற்றவர்கள் முதலில் சொன்னால் பேச்சு தொடங்கும் என்று நம்புகிறேன்.

பழைய இரும்புக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்கள் உண்டு. அப்போலோ வைத்த லேசர் பிரதிபலிப்பான்கள் இன்றும் வேலை செய்கின்றன. நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகுகிறது என்று துல்லியமாக அளப்பது அவற்றால்தான். தூசி படிந்தால் அந்த அளவீடு கெடும். அரை நூற்றாண்டு கதிர்வீச்சிலும் கடும் வெப்பத்திலும் கிடந்த உலோகமும் துணியும் என்ன ஆயின, விட்டுவந்த கழிவுப் பைகளில் நுண்ணுயிர் ஏதும் எஞ்சியதா என்பதை வேறெங்கும் ஆராய முடியாது. கலைந்துபோன தளத்தில் இந்தக் கேள்விகளுக்கு நம்பகமான பதில் கிடைக்காது. அறிவியலை ஒதுக்கிவிட்டாலும் என் எண்ணம் மாறாது. ஓர் உயிரினம் தன் உலகைவிட்டு வேறோர் உலகில் முதன்முதலாக நடந்த இடம் அது.

இதில் இந்தியாவுக்கும் வேலை இருக்கிறது. 2023 ஜூனில் ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகளில் கையெழுத்திட்டோம். ஆகஸ்ட் 23 அன்று நம் விக்ரம் இறங்குகலம் நிலாவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. அது சுமந்துபோன பிரக்யான் ஊர்தி ஓடிய தடமும் அந்த மண்ணில் பதிந்திருக்கிறது. அந்த இடத்துக்குச் சிவசக்தி என்ற பெயரையும் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றுவிட்டது. தண்ணீர்ப் பனியைத் தேடி எல்லா நாடுகளும் போகத் துடிப்பது அந்தத் துருவப் பக்கம்தான். 2040-க்குள் இந்தியரை நிலாவில் இறக்குவோம் என்று அறிவித்திருக்கும் அரசு, அதற்கு முன்பே தன் தளத்தைச் சுற்றி எத்தனை மீட்டர் விட வேண்டும் என்று வரையறுத்து ஐ.நா.வின் விண்வெளிக் குழுவில் வைக்கலாம். லூனோகோடுக்கும் சாங்'இக்கும் அப்போலோவுக்கும் அதே அளவுகோலைக் கேட்கலாம். நம்மைப்போல அமெரிக்கா ஒருபுறம், சீனாவும் ரஷ்யாவும் மறுபுறம் என இரண்டு முகாமோடும் பேசக்கூடிய நாடுகள் அதிகம் இல்லை.