பில்லில் தெரியும் மருத்துவர்

2014 ஏப்ரல் 9 அன்று அமெரிக்காவின் மெடிக்கேர் திட்டம் தன் கணக்குப் புத்தகத்தை ஊரறியத் திறந்து வைத்தது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசே நடத்தும் மருத்துவக் காப்பீடு அது. 2012ஆம் ஆண்டில் 8.8 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கும் பிற சிகிச்சையாளர்களுக்கும் அத்திட்டம் கொடுத்த சுமார் 7,700 கோடி டாலர், பெயர்வாரியாக இணையத்தில் வந்தது. எந்த மருத்துவர், என்ன சிகிச்சையை, எத்தனை பேருக்கு, எத்தனை தடவை செய்தார், அதற்கு எவ்வளவு வாங்கினார் என்பதை எவரும் தேடிப் பார்க்க முடிந்தது.

இந்தக் கதவு 35 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 1979இல் மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கில், மருத்துவர்களின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி ஃபுளோரிடா கூட்டாட்சி நீதிமன்றம் இத்தகவல்களை வெளியிடத் தடை விதித்திருந்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழை நடத்தும் டௌ ஜோன்ஸ் நிறுவனம் அதை எதிர்த்து வாதாடியது. 2013இல் தடை நீங்கியது. மக்கள் வரிப்பணம் யாரிடம் போகிறது என்பதை மக்கள் அறிய வேண்டும் என்ற வாதம் வென்றது. வெல்ல வேண்டிய வாதம்தான் அது. ஆனால் கிடைத்த கணக்கை எப்படிப் படிப்பது என்பது வேறொரு கேள்வி. தவறாகப் படித்தால் நல்ல மருத்துவர் மீது பழி விழும். தவறு செய்பவர் தப்பித்துக்கொள்வார்.

பட்டியலின் உச்சியில் இருவர்

கணக்கு வெளியான அன்றே செய்தியாளர்கள் அதிகத் தொகை பெற்றவர் யார் என்று தேடினார்கள். ஃபுளோரிடாவைச் சேர்ந்த கண் மருத்துவர் சாலமோன் மெல்கன் ஓராண்டில் சுமார் 2.1 கோடி டாலர் பெற்று முதலிடத்தில் இருந்தார். அதே பட்டியலின் உச்சியில் மேயோ கிளினிக் என்ற மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் ஒருவரும், சுமார் 1.1 கோடி டாலருடன் இருந்தார்.

ஆய்வகத் தலைவரின் கதை எளியது. அந்த மாபெரும் ஆய்வகத்தில் நடந்த சோதனைகளுக்கான பில்கள் அவர் பெயரில் போயின. பணம் மருத்துவமனைக்கு வந்தது. அவர் சட்டைப்பைக்குப் போகாத தொகை அவர் பெயரில் நின்றது.

மெல்கனின் கணக்கில் பெரும்பகுதி மருந்து விலை. முதியோரின் விழித்திரை மையத்தைச் சிதைக்கும் நோய்க்கு லூசென்டிஸ் என்ற ஊசி மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். அப்போது ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2,000 டாலர். மருத்துவரே மருந்தை வாங்கி வைத்து, ஊசி போட்டபின் மெடிக்கேரிடம் விலையைக் கேட்டுப் பெற வேண்டும். ஆகவே விழித்திரை மருத்துவர்கள் எல்லாருடைய கணக்கும் பெருத்துத்தான் தெரியும். அதில் பெரும்பங்கு மருந்து நிறுவனத்துக்குப் போய்விடும்.

இதே நோய்க்கு அவாஸ்டின் என்ற மருந்தையும் பயன்படுத்துகிறார்கள். அது அப்போது ஒரு தடவைக்கு ஏறத்தாழ 50 டாலர்தான். இரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் நிதியளித்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. பார்வையைக் காப்பதில் இரண்டும் சமமாகவே இருந்தன. மெடிக்கேர் விதிப்படி மருத்துவருக்கு மருந்தின் சராசரி விலையோடு 6 விழுக்காடு சேர்த்துக் கிடைக்கும். 2,000 டாலரில் 6 விழுக்காடு 120 டாலர். 50 டாலரில் 3 டாலர். விலை கூடிய மருந்தைத் தேர்ந்தால் கூடுதல் வருமானம் என்று விதியே சொல்லிவிடுகிறது. ஒரு தனி மருத்துவரின் குணத்தை எடைபோடப் போனவர்களுக்கு, ஒரு முழு அமைப்பின் கோளாறு இந்தக் கணக்கில் கண்ணில் பட்டது.

மெல்கன் உண்மையில் குற்றவாளிதான். ஒரே புட்டி மருந்தை மூன்று நான்கு பேருக்குப் பிரித்துப் போட்டு, ஒவ்வொருவருக்கும் முழுப் புட்டியின் விலையை வாங்கினார். இல்லாத நோயை இருப்பதாக எழுதிச் சிகிச்சை செய்தார். 2017இல் 67 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது; 2018இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2021 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அத்தண்டனையைக் குறைத்து அவரை விடுவித்தார். ஆனால் 2.1 கோடி என்ற எண் அவர் குற்றத்தை நிரூபிக்கவில்லை. புலனாய்வாளர்கள் அவர் மருத்துவமனையைச் சோதனையிட்டது 2013இலேயே. நோயாளிகளின் கோப்புகளையும் விழித்திரைப் படங்களையும் மற்ற கண் மருத்துவர்கள் ஆராய்ந்த பிறகுதான் வழக்கு நின்றது. பெரிய எண் இருவரிடமும் இருந்தது. குற்றம் ஒருவரிடம்தான் இருந்தது.

கூட்டாதே, வகு

இந்தக் கணக்கைப் படிப்பதற்கு முதல் பாடம்: மொத்தத் தொகையைப் பார்க்காதே, வகுத்துப் பார். ஒரு கற்பனைக் கணக்கு. முதல் மருத்துவர் ஒரு குறிப்பிட்ட சோதனையை 2,000 நோயாளிகளுக்கு 4,000 தடவை செய்திருக்கிறார். இரண்டாமவர் 100 நோயாளிகளுக்கு 900 தடவை. மொத்தத்தில் முதலாமவரே பெரிய ஆள். ஆனால் ஆளுக்கு எத்தனை என்று வகுத்தால் அவருக்கு 2, இரண்டாமவருக்கு 9. கேள்வி கேட்க வேண்டியது இரண்டாமவரிடம்.

ஒப்பீடும் அதே துறைக்குள்தான் இருக்க வேண்டும். புற்றுநோய் மருத்துவரைத் தோல் மருத்துவரோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. ஓராண்டுக் கணக்கு போதாது. மூன்று நான்கு ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால்தான் பழக்கம் தெரியும்.

பில்லில் இல்லாதவற்றையும் நினைவில் வைக்க வேண்டும். நோயின் கடுமை அதில் இல்லை. கடினமான நோயாளிகளை ஏற்பவரின் எண்கள் இயல்பாகவே கூடும். செவிலியர் செய்த வேலை சில விதிகளின்படி மருத்துவர் பெயரிலேயே பில்லாகிறது. தனியார் நிறுவனங்கள் வழியாக மெடிக்கேர் பெறுவோர் இக்கணக்கில் வருவதில்லை. இன்று பயனாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வழியில்தான் இருக்கிறார்கள். ஒரு சிகிச்சையைப் பெற்றவர்கள் 11 பேருக்குக் குறைவென்றால், நோயாளியின் அடையாளத்தைக் காக்க அந்த வரியையே நீக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சைக்குப் பின் நோயாளி தேறினாரா என்பது அங்கே கிடையாது.

அப்படியானால் திறமையைப் பற்றி இந்த எண்கள் எதுவுமே சொல்லாதா? ஓரிடத்தில் சொல்லும். ஆய்வாளர் ஜான் பிர்க்மேயர் குழுவினர் மெடிக்கேர் பதிவுகளிலிருந்து 4.74 லட்சம் நோயாளிகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு இது: இதயம், இரத்தக்குழாய், புற்றுநோய் சார்ந்த எட்டு வகை அறுவைகளிலும், அந்த அறுவையை அடிக்கடி செய்யும் மருத்துவரிடம் இறப்பு குறைவு. கணையம் போன்ற சிக்கலான அறுவையில் வித்தியாசம் மிகப் பெரிது. ஆகவே பெரிய அறுவைக்குப் போகிறவர், 'இவர் இதை ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்?' என்று பார்ப்பது முழுக்க அறிவியல்பூர்வமான கேள்வி.

மதிய உணவின் எடை

இரண்டாவது கணக்கு மருந்து, கருவி நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பணம் பற்றியது. செனட்டர்கள் சக் கிராஸ்லியும் ஹெர்ப் கோலும் முன்னெடுத்த சன்ஷைன் சட்டம் 2010இல் ஒபாமாவின் நலவாழ்வுச் சட்டத்தோடு நிறைவேறியது. அதன்படி 'ஓப்பன் பேமென்ட்ஸ்' என்ற தளம் 2014 செப்டம்பர் 30 அன்று திறந்தது. 2013இன் கடைசி ஐந்து மாதங்களுக்கு மட்டும் 44 லட்சம் பட்டுவாடாக்கள். மொத்தம் 350 கோடி டாலர்.

இங்கும் மொத்தம் ஏமாற்றும். தான் வடிவமைத்த செயற்கை மூட்டுக்கு ஒரு எலும்பு மருத்துவர் பெறும் உரிமத்தொகை லட்சங்களில் இருக்கலாம். ஆராய்ச்சிக்காகத் தரும் பணம் பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போகிறது. சொற்பொழிவுக் கட்டணம், ஆலோசனைக் கட்டணம், பயணச் செலவு, சாப்பாடு என்று வகை வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த நிறுவனம், எந்த மருந்து, அந்த மருந்தை இவர் எவ்வளவு எழுதுகிறார் என்று மூன்றையும் இணைத்தால்தான் பொருள் கிடைக்கும்.

அப்படி இணைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. சுமார் 2.8 லட்சம் மருத்துவர்கள். நான்கு பிராண்டு மருந்துகள். நிறுவனங்கள் தந்தவற்றில் மிகப்பெரும்பாலானவை சராசரியாக 20 டாலருக்கும் குறைவான சாப்பாடுதான். ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள்கூட, சாப்பிடாதவர்களைவிட அந்தப் பிராண்டை அதிகம் எழுதினார்கள். வேளைகள் கூடக் கூட எழுதுவதும் கூடியது.

உணவுதான் காரணம் என்று இது நிரூபிக்காது. ஏற்கெனவே அந்த மருந்தை விரும்புகிறவர்கள் அந்த விருந்துக்குப் போயிருக்கலாம்; ஆய்வாளர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் 'ஒரு பொட்டலம் சாப்பாட்டுக்கா என் மருத்துவ அறிவை விற்பேன்?' என்று நம்பிக்கையோடு கேட்கும் மருத்துவர்களுக்கு இது தரும் எச்சரிக்கை முக்கியமானது. இதில் யாரும் எதையும் விற்கவில்லை. அன்போடு பேசிய விற்பனைப் பிரதிநிதி விளக்கிய மருந்தின் பெயர், மறுநாள் சீட்டு எழுதும்போது முதலில் நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான். நேர்மையானவரையும் தொடக்கூடிய சாய்வு என்பதால்தான் அதை வெளிச்சத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கம்

இந்தியாவில் மருத்துவரின் பெயரைத் தட்டி, அவர் எந்த நிறுவனத்திடம் என்ன பெற்றார் என்று நோயாளி பார்க்கும் வசதி இல்லை. ஆனால் சட்டம் மௌனமாக இல்லை. மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடம் பரிசோ பயணமோ பெறக்கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதி செய்தது. ஜிங்கோவிட் மாத்திரையைத் தயாரிக்கும் சென்னை நிறுவனமான அபெக்ஸ் லேபரட்டரீஸ், மருத்துவர்களுக்கு இலவசங்கள் வழங்கச் செலவிட்ட சுமார் 4.72 கோடி ரூபாய்க்கு வருமான வரிக் கழிவு கேட்டது. சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. தங்க நாணயம், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி, வெளிநாட்டுப் பயணம் என இவை உண்மையில் இலவசமே அல்ல. அந்தச் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியிடம் வந்து சேர்கிறது என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இந்த உண்மை நமக்கு ஒரு வரி வழக்கின் மூலம்தான் தெரியவந்தது. ஒரு பொதுப் பதிவேட்டில் தெரிந்திருக்க வேண்டியது அது.

அமெரிக்க அனுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. கணக்கைத் திறப்பது அரசின் கடமை. அதைப் படிக்கும் முறையைச் சொல்லித் தருவதும் அதே கடமையின் பகுதி. துறைச் சராசரியோ, ஆளுக்கு எத்தனை என்ற விகிதமோ, பணம் எந்த வகை என்ற விளக்கமோ இல்லாமல் பெயரையும் தொகையையும் மட்டும் கொட்டினால் அது தலைப்புச் செய்திக்குத்தான் உதவும். அந்த விவரங்களோடு தந்தால் நோயாளி தன் மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம்: 'டாக்டர், இதைவிட விலை குறைந்த மருந்து இருக்கிறதா? இந்தச் சோதனை எனக்கு ஏன் தேவை? இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?' நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், பதில் சொல்வார். மருத்துவரைப் பற்றி எந்தப் பில்லும் சொல்லாத செய்தி அந்தப் பதிலில்தான் கிடைக்கும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க நோயாளிக்குத் துணிவும் தகவலும் வேண்டும். அவற்றைத் தருவதற்காகவே இந்தக் கணக்குகள் திறந்திருக்க வேண்டும்.