பாயை மாற்றும் கொளுவி



2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் கடற்படை அதிகாரிகளான தில்னா, ரூபா என்னும் இரு பெண்மணிகள் ‘தாரிணி’ என்ற பாய்ப்படகில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, உலகைச் சுற்றிவிட்டு, 2025 மே 29ஆம் நாள் கோவாவுக்கே திரும்பினர். ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். இருவரே செலுத்தும் படகில் ஒருவர் உறங்கும் வேளையில் மற்றவர் தனியே காற்றைச் சமாளித்தாக வேண்டும். அப்போது விரலளவான ஒரு கொளுவி அவிழ்ந்தாலும் பெருந்தீங்கு நேரலாம். அத்தகைய கொளுவியைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

குன்னூர் மலையில் வாழும் நமக்குக் கடற்படகின் கொளுவியோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நம் மலை ரயிலை நினைத்துப் பாருங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி உயரும் பாதை அது. ஏறும்போது இன்ஜின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. ஆகவே இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி ஓடிவிடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். ஓர் இணைப்பை மட்டும் நம்பியிராத அறிவு இது. பாய்ப்படகிலோ இணைப்பை நம்பாமல் இருக்க வழியில்லை. எனவே அதனை ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும்.

படகின் முன்முனையை நம் கடலோர மக்கள் அணியம் என்பர். அங்கிருந்து பாய்மரத்தின் மேற்பகுதிக்கு ஒரு கம்பி செல்கிறது. அதன்மேல் பள்ளம் வெட்டிய அலுமினியத் தண்டு ஒன்று பொருத்தப்படுகிறது. முன்பாயின் ஓரம் அப்பள்ளத்தில் நுழைகிறது. அடியிலுள்ள உருளையின் கயிற்றை இழுத்தால் தண்டு சுழலும். நாம் வீட்டில் படுக்கும் பாயைச் சுருட்டுவது போலவே படகின் பாயும் தண்டில் சுருண்டுகொள்ளும்.

அவ்வாறாயின் பாயை மாற்றுவானேன்? காற்று மிகும்போது பெரிய பாயைப் பாதி சுருட்டினால் அதன் வடிவம் கெடுகிறது. படகு செவ்வனே செல்லாது. அப்போது சிறிய, தடித்த பாய் வேண்டும். சுருட்டிய பாயை அப்படியே இறக்கவும் இயலாது; முழுவதும் விரித்த பின்னரே இறக்கலாம். ஆதலால் காற்று வலுக்கும் முன்பே மாற்றிவிடுவது அறிவுடைமை. அவ்வேளையில் விரைவும் வேண்டும், உறுதியும் வேண்டும்.

கொளுவிகள் பெரும்பாலும் மூவகை. முதலாவது, திருகாணி உடைய டி வடிவ ஷாக்கிள். இது வலிமை மிக்கது. ஆனால் பாயின் அதிர்வால் திருகாணி தளரக்கூடும். மெல்லிய கம்பியால் அதைக் கட்டிவிட வேண்டும். இரண்டாவது, வில்விசையுள்ள கொளுவி. ஒரே இழுப்பில் திறக்கும். அதுவே அதன் குறையுமாகும். படபடக்கும் பாயோ கயிறோ மாட்டி இழுத்தாலும் திறந்துவிடும். அதே அளவுள்ள திருகாணிக் கொளுவியைவிட இதன் வலிமை பொதுவாகக் குறைவு. மூன்றாவது, டைனீமா என்னும் செயற்கை இழையால் முடைந்த கயிற்றுக் கொளுவி. எடை குறைவு, வலிமை மிகுதி, தவறி விழ ஆணியும் இல்லை. எனினும் கூரிய விளிம்பில் உராய்ந்து தேயும், வெயிலால் நலியும்.

இவற்றுள் எது சிறந்தது என்பதைவிட, எது எங்கே இருக்கப்போகிறது என்பதே கேட்கத்தக்க வினா. பாயின் தலை மரத்தின் உச்சிக்குச் செல்வது; கடலில் கை எட்டாத இடம். அங்கே கம்பியால் கட்டிய திருகாணிக் கொளுவியையோ, விளிம்பு மழுங்கிய துளையாயின் கயிற்றுக் கொளுவியையோ இடலாம். பாயின் அடிமுனை கண்ணுக்கும் கைக்கும் எட்டுவது. அங்கே விரைவில் திறக்கும் கொளுவி தகும். எட்டாத இடத்தில் உறுதி, எட்டும் இடத்தில் எளிமை என்று இதைச் சுருக்கிக் கூறலாம்.

இன்னும் ஒன்றுண்டு. பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். ஆஞ்சானுக்கும் பாய்க்கும் இடையே ஒரு சுழலி உள்ளது. அதன் கீழ்ப்பாதி பாயோடு சுற்றும். மேற்பாதி அசையாது நிற்கும். சிறிய பாயை ஏற்றும்போது சுழலி தாழ்ந்து நின்றுவிடும். அப்போது ஆஞ்சான் தண்டுக்கு இணையாக ஓடி, சுருட்டும்போது அதைச் சுற்றிக்கொள்ளும். பாய் விரியவும் மாட்டாது, சுருளவும் மாட்டாது. இதைத் தடுக்க, சிறிய பாயின் தலையில் அளவான கயிற்றுத்துண்டு ஒன்றை நிலையாக இணைத்துவைப்பர். சுழலி உரிய உயரத்தை அடையும். ஆஞ்சானும் தண்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை விலகி நிற்கும்.

கொளுவி வாங்கும்போது அதன்மேல் பொறித்த எண்ணையும் நோக்குக. அது முறியும் சுமையா, பாதுகாப்பாகத் தாங்கும் சுமையா என்று அறிதல் இன்றியமையாதது. முன்னதைப் பின்னதாக எண்ணினால் கொளுவி எல்லை மீறிய சுமையைச் சுமக்க நேரும்.

தாரிணி போன்ற படகுகளின் வெற்றியைப் பத்திரிகையில் படிக்கும்போது மாலுமியின் துணிவை நாம் போற்றுகிறோம். அத்துணிவுக்குத் துணையாக, துறைமுகத்திலேயே ஒவ்வோர் ஆணியையும் தொட்டுப் பார்த்த பொறுமையும் இருந்தாக வேண்டும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு திருகை முடுக்கும்போதும் இப்பொறுமையைப் பழகிக்கொள்ளலாம்.